சாயங்காலம் செத்தால் தெரியும்

“என்னை ஒரு கதைய முழுசாக் கேக்க வைக்கிற ஆளு இன்னும் இந்தக் கரையில பொறக்கல ஓய்! இஹ்ஸான் பெட்டியக் கட்டுறதுக்குள்ள அந்த கேமை முடிச்சுக் காட்டுறேன். ஒரு வரி கதை காதுல விழாம முடிக்கிறேன். முடிக்கலன்னா நான் எக்ஸ்பிரஸ் இல்ல, பாசஞ்சர்னு கூப்புடு.”

காயல்பட்டினம் கடற்கரையில், அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்து நேரமாகி, வெயில் மணலிலிருந்து மெல்லக் கழன்றுகொண்டிருந்த வேளையில், முஸம்மில் இவ்வாறு முழங்கினான். அலைகள் ஒரு கணம் நின்று கேட்டன என்று எழுத ஆசைதான். நின்று கேட்டது அவன் கூட்டாளி ஈஸா மட்டும். ஆனால் ஈஸா கேட்டால் போதும், ஊர் கேட்டதற்குச் சமம். வடக்கே வெகு தொலைவில், துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்கள், தங்களுக்கும் இந்தச் சபதத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டிருந்தன.

எக்ஸ்பிரஸ் முஸம்மிலின் வாழ்க்கை வரலாறு அவசரத்தில்தான் தொடங்குகிறது. நர்ஸ் கையுறை மாட்டுவதற்குள் பிறந்துவிட்டவன். பஸ் நிற்பதற்கு முன் இறங்குவான். கல்யாண வீட்டுக் களரிச் சாப்பாட்டில் ஒரே தட்டைச் சுற்றி உட்காரும் மற்றவர்கள் சோற்றைப் பிசையத் தொடங்கும்போது, அவன் கை கழுவிக்கொண்டிருப்பான். இத்தகைய பிறவிக்கு ஆண்டவன் பார்த்துப் போட்ட வேலை என்று சொல்ல வேண்டும், தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். வ.உ.சி. துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்கைச் சுங்கத்திடமிருந்து விடுவித்து லாரியில் ஏற்றி அனுப்புகிற தொழில். அதாவது, நிற்பதையெல்லாம் நகர்த்துவது. அதில் அவன் மன்னன்.

மன்னனுக்கும் ஒரு தலைவலி உண்டு. முதலாளி அருமைநாயகம் அண்ணாச்சி, நாசரேத்துக்காரர், நல்ல மனிதர், கதை சொல்லுகிறவர். வெகு காலத்துக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து காணாமல்போன ஒரு முந்திரிக்கொட்டைக் கன்டெய்னரின் கதையை அவர் காலைதோறும் ஆரம்பிப்பார். சம்பளம் கொடுக்கிறவர் சொல்லுகிற கதையைத் தாண்டிக் குதிக்க எந்தப் பட்டனும் கிடையாது. கதையில் கன்டெய்னர் துறைமுகக் கேட்டுக்கு வருமுன் எப்படியாவது போன் அடிக்கவைத்து முஸம்மில் தப்பிவிடுவான் என்பது வேறு விஷயம். ஆனாலும் மனதில் அது தேங்கும். தேங்கியதை வீட்டில் வீடியோ கேமில் தீர்த்துக்கொள்வான்.

இப்போதைய கேம்களில் வெட்டுவதும் குத்துவதும் கொஞ்சம், கதை அதிகம். சண்டைக்குச் சண்டை நடுவில் ஒரு சினிமாத் துண்டு வரும். விளையாடுகிறவர்கள் அதைக் கட்சீன் என்பார்கள். அது ஓடும்போது நம் வீரனை நாம் அசைக்க முடியாது. சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஸ்கிப் என்று ஒரு பட்டன் இருக்கும். முஸம்மிலின் வலது கட்டைவிரல் அந்தப் பட்டனுக்கென்றே வளர்ந்தது. எத்தனையோ ராஜ்ஜியங்களை அவன் காப்பாற்றியிருக்கிறான், எந்த ராஜ்ஜியம், யாரிடமிருந்து என்று தெரியாமலேயே.

இந்த முறை சோதனை, மனைவியின் தம்பி இஹ்ஸானின் உருவத்தில் தோஹாவிலிருந்து வந்து இறங்கியது. லீவில் வந்தவன் கூடவே ஒரு கேம் பெட்டியும் கொண்டுவந்தான். அது அவனுக்குச் சொந்தமல்ல. அங்கே அறைத்தோழர்கள் எல்லாருக்கும் பொது. திரும்பும்போது கண்டிப்பாக எடுத்துப்போயாக வேண்டும். ஆனால் ஊருக்கு வந்தவனை வீடுவீடாக விருந்துக்கு இழுத்துக்கொண்டிருந்ததில், அவனுக்குக் கன்ட்ரோலரைத் தொடக் கை காயவே இல்லை.

“மச்சான், நீங்க ஆடுங்க. ஆனா சொல்லிட்டேன், இதுல கதைய ஸ்கிப் பண்ண முடியாது. கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான்” என்றான் இஹ்ஸான்.

முஸம்மில் சிரித்தான். எத்தனை சுங்க அதிகாரிகளைப் பார்த்தவன்! அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் கடற்கரைச் சபதம் நடந்தது.

இங்கே அவன் ஒரு பிழை செய்தான். காயல்பட்டினத்து மாப்பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய பிழை. அந்த ஊரில் கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பான். அங்கே அவனுக்கு ராஜ மரியாதை. ராஜாவுக்குள்ள குறையும் உண்டு, இஷ்டத்துக்கு வாய் திறக்க முடியாது. மாடியில் அவனுக்கென்று கொடுத்த அறையில் டிவி தலையணை அளவு. கூடத்து டிவியோ கதவளவு. காவியத்துக்குக் கதவளவுதான் பொருத்தம் என்று முடிவு செய்து, முஸம்மில் பெட்டியைக் கூடத்து டிவியில் மாட்டினான்.

கூடம் மாமியாரின் ராஜ்ஜியம்.

முதல் நாள் மாலையே மாமியார் உம்மு ஹானி வந்து உள்வாசல் ஓரம் பாய் விரித்து உட்கார்ந்தார். வீடுகளின் பின்புறத்தை இணைக்கிற, பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கு வழியாகச் செய்தி பரவி, அவர் தங்கை பல்கீஸ் சாச்சி வந்தாள். இன்னும் இரண்டு மூன்று சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் மாப்பிள்ளைக்குப் பின்னால். மாப்பிள்ளை திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை. எனவே அவனுக்கு முன்னால் திரையில் கடலும் கோட்டையும், பின்னால் குரல்கள் மட்டும்.

கட்சீன் ஓடியபோது குரல்கள் அடங்கின. அது முடிந்து வீரன் வாளை உருவியதும் மாமியாரின் குரல் கேட்டது.

“விளம்பரம் போட்டுட்டான். வாங்க, அடுப்பப் பாத்துட்டு வந்துருவோம்.”

“என்ன விளம்பரம் லாத்தா இது? வாளா விக்கிறான்?” என்று அக்காவைக் கேட்டாள் பல்கீஸ்.

“எதையாவது விப்பான். வாங்குறதுக்கும் ஆளிருக்குமே.”

“பாவம், மாப்பிள்ளையப் பாரு. விளம்பரம்னா உசிரு போல. கண்ணெடுக்காமப் பாக்குறாஹ.”

முஸம்மில் உதட்டைக் கடித்துக்கொண்டான். மாமியார் முன்னால் வாள்வீச்சின் மகத்துவத்தை விளக்கிய மாப்பிள்ளை சரித்திரத்தில் இல்லை. அன்று முதல் அந்தக் கூடத்தில் அவனுடைய வீரமெல்லாம் விளம்பரம். அவன் வெறுத்த கட்சீன்தான் நாடகம்.

இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டை கோட்டையாகத் தாண்டி, இஹ்ஸான் கிளம்புகிற வாரத்தில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டான். அங்கே கடல்வாசலில் ஒரு காவல்காரன் நின்றான். பனைமர உயரம், கையில் ஈட்டி. அவனை வீழ்த்தினால் கேம் முடிந்தது. ஈட்டி பட்டால் வீரன் செத்தான். செத்தால் மறுபடி சண்டையிலிருந்து தொடங்காது; சண்டைக்கு முந்தின கட்சீனிலிருந்து தொடங்கும். அதுவோ ஒரு பானைச் சோறு கொதிக்கிற நேரம் ஓடும்.

அசையாத கறுத்த தண்ணீர். அதன் மேல் நூறு நூறாக மிதக்கிற விளக்குகள். ஒரு படகு. படகில் ஒரு ராணியும் வயதான படகோட்டியும். ராணி பேசுவாள், கிழவர் துடுப்பை நிறுத்திவிட்டு அழுவார். ராணி மோதிரத்தைக் கழற்றித் தண்ணீரில் போடுவாள். வளையம் வளையமாக நீர் விரியும். அது விரிந்து விரிந்து கரையைத் தொடும்வரை கம்பெனிக்காரன் விடமாட்டான். பிறகு சண்டை. பிறகு ஈட்டி. பிறகு அசையாத கறுத்த தண்ணீர்.

கடல்வாசலுக்கு வந்த முதல் மாலை முடிவதற்குள் அந்தக் காட்சியின் ஆங்கில வசனம் முழுவதும் முஸம்மிலுக்கு மனப்பாடம். ராஜ்ஜியத்துக்குக் கப்பம் கட்டாத சிற்றரசர்களைப் பற்றி ராணியும் கிழவரும் விலாவாரியாகப் பேசிக்கொள்வார்கள். பொறுக்கமாட்டாமல் அவன் கம்பெனிக்கு ஒரு புகாரே அனுப்பினான். அவன் அறிந்த ஆங்கிலம் துறைமுக ஆங்கிலம் ஒன்றுதான். மேற்படி படகு தேவையற்ற தாமதம் செய்வதால் எங்கள் வீரர் அநியாயமாகத் தடுத்துவைக்கப்பட்டுள்ளார், உடன் விடுவித்து உதவக் கோருகிறோம் என்று எழுதினான். கீழே பழக்கதோஷத்தில், தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கும், என்றும் போட்டான். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதே கம்பெனியை அதே காட்சிக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பணிவாகத் திட்டியவன் இவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

இனி லுப்னா. அவன் மனைவி. ஆங்கில இலக்கியம் படித்தவள். கல்யாணமான புதிதில் அவளும் வாய் நிறையப் பேசியவள்தான். எதைத் தொடங்கினாலும் “சுருக்கமாச் சொல்லு” என்பான் இவன். அவளும் சுருக்கிச் சுருக்கி, இப்போது “பால் தீந்துருச்சு”, “உம்மா கூப்புட்டாஹ” என்ற அளவுக்கு வந்து நின்றிருந்தாள். தன் இல்லறம் திறம்பட நடப்பதாக முஸம்மில் நம்பினான்.

பின்வரிசைக்கு ஆங்கிலம் தெரியாததால், கட்சீனைத் தமிழில் சொல்லும் பொறுப்பு லுப்னாவுக்கு. முதலில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“ராணி போறா. கப்பம் யாரும் கட்டலையாம். அதப் பத்திப் பேசுறாங்க.”

பின்னாலிருந்து கொட்டாவிச் சத்தம். வீரன் செத்தான். மறுபடி படகு வந்தது.

“கப்பத்துக்கா அந்த மனுசர் இப்படி ஏங்கி ஏங்கி அழுவுறாஹ?” என்று கேட்டாள் பல்கீஸ் சாச்சி. “நம்புற மாதிரி இல்லயே ஏளா!”

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒலி மட்டும்.

“நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன் சாச்சி” என்றாள் லுப்னா. “ராணியோட மாப்பிள்ளைய அக்கரைக்குக் கொண்டு விட்டது இந்த வயசாளிதான். திரும்பி வரும்போது படகு வெறுசா வந்துச்சு. அன்னைலருந்து ராணி தெனமும் இதே படகுல, இதே இடத்துல ஏறுவா. அவரை எங்கன எறக்கி விட்டீங்களோ, என்னையும் அங்கன கொண்டு விடுங்கம்பா.”

முஸம்மிலின் முதுகு நிமிர்ந்தது. திரையில் ராணி அப்போது மூன்றாவது சிற்றரசனின் குதிரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் என்பதற்கு அவன் சாட்சி. ஆனால் மாமியார் வீட்டுக் கூடத்தில் மனைவியைத் திருத்துவதா? பேசாமல் சண்டைக்குப் போனான். அந்த யோசனையிலேயே ஈட்டியை வாங்கினான்.

திரை கறுத்தது. அந்தக் கறுத்த கண்ணாடியில் ஒரு நொடி பின்வரிசைத் தலைகள் நிழலாகத் தெரிந்தன. நடுவில் லுப்னா, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இவன் பார்த்து நாளாகிவிட்ட ஒரு முகத்தோடு. பிறகு விளக்குகள் மிதந்து வந்து அவளை மூடின.

“இன்னைக்கும் ஏறுனா ராணி” என்றாள். “ஏன் பேசமாட்டேங்கறீங்கன்னு கேக்குறா. வயசாளி சொல்றாஹ, எறக்கி விட்ட எடம் மறந்துபோச்சு தாயேன்னு. எல்லாத் தண்ணியும் ஒண்ணுபோலத்தான இருக்குன்னு. அதான் அழுவுறாஹ.”

பல்கீஸ் சாச்சி மூக்கை உறிஞ்சினாள். அவள் கணவர் ஜித்தாவுக்குப் போன பிறகு வீட்டில் மூன்று முறை வெள்ளையடித்தாகிவிட்டது.

மறுநாள் காலை, இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே முஸம்மில் லுப்னாவிடம் அலட்சியமாகக் கேட்டான்.

“அது அப்படி இல்லயே?”

“எது?”

“அந்தக் கெழவன். கப்பத்தப் பத்தித்தான பேசுதான்?”

“கப்பத்தக் கேக்க எவ வருவா, அடுப்ப விட்டுட்டு?”

“சரி, மோதிரத்த எதுக்குப் போடுதா?”

லுப்னா பாலை அவன் தட்டில் ஊற்றினாள். “நீங்கதான் கதை கேக்க மாட்டீங்களே.”

“கேக்கல. சும்மா.”

“சும்மா கேக்குறவங்களுக்குச் சொல்றதில்ல. சாயங்காலம் செத்தாத் தெரியும்.”

அன்று துறைமுகத்தில் வரலாறு காணாத ஒரு நிகழ்ச்சி நடந்தது. எக்ஸ்பிரஸ் நின்றது. கேட் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் பால்போல வெளுத்துக் கிடந்த கடலில், நங்கூரமிட்ட ஒரு கப்பலைப் பார்த்தபடி முஸம்மில் நின்றுவிட்டான். கப்பல் அசையவில்லை. தண்ணீரும் அசையவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், எதையோ சொல்லத் தொடங்கி வார்த்தைக்காகக் காத்திருப்பதுபோல அது கிடந்தது. மேல்தட்டில் யாரோ நடந்தது ராணி நடந்ததுபோல இருந்தது. அவனுக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தது எங்கோ அடியாழத்தில் கேட்டது.

“ஏலே எக்ஸ்பிரஸு!” லாரி டிரைவர் மாசானம் தலையை நீட்டினார். “பாஸக் கையில வச்சுக்கிட்டு கடல என்னல பாக்குத? மீனா எண்ணுத?”

ஆபீசுக்கு வந்தால் அருமைநாயகம் அண்ணாச்சி முந்திரிக் கன்டெய்னரைத் தொடங்கினார். முஸம்மிலின் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. கன்டெய்னர் கேட்டைத் தாண்டியது, மழை பெய்தது, வாட்ச்மேன் தூங்கினார்.

“பொறவு என்னாச்சு அண்ணாச்சி?” என்றான் முஸம்மில்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை உற்றுப் பார்த்தார்.

“பொறவா? இருடே. இதுவரைக்கும் யாரும் இம்புட்டுத் தூரம் வந்ததில்லயே. யோசிச்சுத்தான் சொல்லணும்.”

இப்படியாக மாலைகள் கழிந்தன. செத்தால் தெரிந்தது. மோதிரம் விழும் சத்தம் தண்ணீருக்குள் எங்கும் கேட்குமாம். ராணியின் கணவன் எந்தக் கரையில் இருந்தாலும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பானாம். தினமும் எறிய அவளுக்கு ஏது இத்தனை மோதிரம் என்று மாமியார் மடக்கினார். எறிந்ததை மீன்கள் விடியுமுன் படித்துறையில் கொண்டுவந்து வைத்துவிடும் என்று லுப்னா தயங்காமல் சொன்னாள். முஸம்மிலின் கைகள் பழக்கத்தில் வாளைச் சுழற்றின. காதுகள் முதுகுப்பக்கம் வளர்ந்தன. அந்தக் கவனக்குறைவில் செத்துக்கொண்டே இருந்தான். கடற்கரையில் ஈஸா தினமும் விசாரித்தான்.

“முடிஞ்சுதா ஓய்? செந்தூர் பாசஞ்சர் இப்பத்தான் கூவிக்கிட்டுப் போச்சு. ஒன்னையத் தேடுன மாதிரி இருந்துச்சு.”

“நாளைக்கு முடிச்சுருவேன்” என்பான் முஸம்மில், கப்பல்களைப் பார்த்துக்கொண்டு.

கடைசி மாலை வந்தது. மறுநாள் விடிந்ததும் இஹ்ஸான் கிளம்ப வேண்டும். கூடத்தின் ஒரு பக்கம் அவன் பயணப் பெட்டி திறந்து கிடந்தது. மக்ரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பின் பின்வரிசையில் என்றுமில்லாத கூட்டம். சாச்சி தன் நாத்தனாரையும் கூட்டி வந்திருந்தாள். ஜன்னல் வழியே வந்த கடற்காற்று திரைச்சீலையை உப்பவைத்து உப்பவைத்து இறக்கியது. முஸம்மில் சண்டையைத் தொடங்கினான். விளம்பரம் என்று பெண்கள் எழுந்து போக, அவனுக்கு எல்லாம் சட்டென்று விளங்கிவிட்டது. ஈட்டியை ஓங்குமுன் காவல்காரன் இடது காலைத் தூக்குகிறான். அப்போது வலப்பக்கம் உருண்டால் அவன் முதுகு முழுவதும் நமக்கு. இரண்டு முறை உருண்டு பார்த்தான். இரண்டு முறையும் பனைமரம் ஆடியது. இதோ, முடிந்தது என்று நினைத்த சந்தோஷத்தில் ஒரு பிசகு. திரை கறுத்தது.

“மச்சான்!” இஹ்ஸான் போனோடு ஓடிவந்தான். “நல்ல சேதி. எல்லாரும் திட்டித் தீத்ததுல கம்பெனிக்காரன் எறங்கி வந்துட்டான். அப்டேட் வந்திருக்கு. இனி ஸ்கிப் பண்ணலாம். நேராச் சண்டைக்குப் போயி, ஒரே போடு!”

அப்டேட் ஏறி முடிந்தது. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கறுத்த தண்ணீர், விளக்குகள், படகு. லுப்னாவின் குரல் தொடங்கியது.

“ராணி மோதிரத்தக் கழட்டுறா. இன்னைக்கு வயசாளி, போடாதீங்க தாயேங்கறாஹ. ஏன்னா...”

அப்போது திரையின் கீழ்மூலையில் வெள்ளையாக ஒரு சிறு வட்டமும் அதன் அருகே ஒரு சொல்லும் முளைத்தன. ஸ்கிப்.

லுப்னாவின் குரல் நின்றுவிட்டது.

ஆங்கிலம் படித்தவள் அல்லவா, அவளுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் எதற்காகத் தவம் கிடந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். முஸம்மில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. “பால் தீந்துருச்சு” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்போது வருகிற அதே மௌனம் அது. கட்டைவிரல் பட்டனின் மேல் இருந்தது. வாழ்நாளெல்லாம் பயின்ற விரல்.

“என்னளா, நிறுத்திட்ட? ஏன் போட வேண்டாங்கறாஹ?” என்றாள் சாச்சி.

படகு மெல்லத் திரும்பியது. வட்டம் மூலையில் மினுக்கியது.

முஸம்மில் கன்ட்ரோலரைப் பாயின் மேல் கவிழ்த்துவைத்தான். தொண்டையைச் செருமினான். மாமியார் கூடத்தில் அவன் தானாகப் பேசிய முதல் பேச்சு அது, அதையும் டிவியைப் பார்த்தே பேசினான்.

“ஏன் போட வேண்டாங்கறாரு?”

பின்னால் ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடிக்கும் சத்தம், அமுக்கிய சிரிப்பு. பிறகு லுப்னாவின் குரல்.

“ஏன்னா, அவருக்கு எடம் ஞாபகம் வந்துருச்சு...”

கதை நீண்டது. துடுப்பு எப்போதும்போல நின்றது, ஆனால் இந்த முறை வழியை நினைத்துக்கொள்ள நின்றது. மோதிரம் விழுந்து, வளையங்கள் விரிந்து கரையைத் தொட்டபோது, படகு இன்னும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

சண்டை தொடங்கியது. பெண்கள் எழுந்து அடுப்புக்குப் போனார்கள். லுப்னா மட்டும் போகவில்லை. முஸம்மில் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். காவல்காரன் இடது காலைத் தூக்கினான். எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று முஸம்மிலுக்கு நன்றாகத் தெரியும்.

வாளைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

திரை கறுத்தது. கறுப்புக்குள் இரண்டே நிழல்கள். பிறகு அசையாத தண்ணீர் வந்தது, அதன் மேல் ஒவ்வொன்றாக விளக்குகள் வந்தன. முஸம்மில் பின்னால் நகர்ந்து, கால்களை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.